ஆறு வாசல் சாப்பாடு

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. மணி பன்னிரண்டரை. இவர் தூங்கி இரண்டு மணி நேரம் ஆகிறது. பகலில் எழுதலாம் என்றால் பேனாவைத் திறப்பதற்குள் யாராவது மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். போனில் பேசலாம் என்றால் இந்த ஊரில் அதற்குத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற வேண்டும், அங்கே நின்று குடும்ப விஷயம் பேசினால் கீழே பத்துப் பேர் தலையைத் தூக்கிப் பதில் சொல்வார்கள். அதனால்தான் கடிதம். விடியற்காலை முதல் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டால் எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிறுத்திக் கொடுத்துவிடுவார், அவர் வளர்க்கும் ஆட்டுக்கு இவர்தான் வைத்தியம். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். பின்கட்டில் காலில் கட்டுப் போட்ட கன்றுக்குட்டி ஒன்று தங்கியிருக்கிறது, அதுவும் சுகம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் அத்தானும் வந்து பொடிசை அழைத்துப் போவதாகவும், ஆறு மாதம் உன்னிடம் இருந்தால் தேறிவிடுவாள் என்றும் எழுதியிருந்தாய். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நாலு மாதத்தில் பதினோரு கடிதம் எழுதி, பதினொன்றிலும் ‘குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறாள்’ என்று அழுதவள் நான்தான். ஆனால் அந்தப் பதினோரு கடிதத்தையும் நீ அடுப்பில் போட்டுவிடலாம். ஏன் என்று சொல்கிறேன், நடுவில் சிரிக்காமல் படி.

பொடிசு சாப்பிடாதது பொய்யில்லை அக்கா. என் கையால் சாப்பிடவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் முன்னறையிலிருந்து கிளம்பினால் அவள் நடு அறைக்கு ஓடுவாள், நடு அறைக்குப் போனால் கட்டிலுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் நான் பாதி நுழைந்து மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பின்வாசலில் கன்றுக்குட்டியிடம் நின்று பேசிக்கொண்டிருப்பாள். நாலு வயதுக்கு இவ்வளவு எடை, இவ்வளவு உயரம் என்று கோடு போட்ட வரைபடம் ஒன்று என் கையாலேயே வரைந்து சுவரில் ஒட்டினேன். கல்லூரியில் மூன்று வருடம் புள்ளியியல் படித்தது சுவரில் ஒட்டத்தான் உதவியது. எடை பார்க்க இங்கே இயந்திரம் கிடையாது. இவருடைய பையில் மாட்டின் மார்பைச் சுற்றி அளந்தால் எடை சொல்லும் நாடா ஒன்று இருக்கிறது, ஒரு நாள் தாங்க முடியாமல் அதை எடுத்துப் பொடிசைச் சுற்றிவிட்டேன். அந்த நாடாவில் முதல் எண்ணே முப்பது கிலோ. அந்த எண் வருவதற்கு ஒரு சாண் முன்னாடியே பொடிசு முடிந்துவிட்டாள். இவர் பார்த்துவிட்டு, இந்த நாடா கணக்குப்படி அவள் இன்னும் பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு நாடாவைப் பிடுங்கிப் பையில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு எழுதியதுதான் ஏழாவது கடிதம், கண்ணீரில் மை கலைந்து போனது.

இதற்கு நடுவில் ஊர் ஜனங்கள் எங்கள்மேல் வைத்திருக்கும் மரியாதையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் அஞ்சு முட்டை இருக்கும், ஒரு நாள் கீரைக்கட்டு, ஒரு நாள் வள்ளிக்கிழங்கு. யார் வைத்தது என்று தெரியாது. மாட்டைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டருக்கு நன்றிக்கடன் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். இவருக்குத் தெரிந்தால் குதிப்பார், அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் ஒரு வேப்பிலை கூட இனாமாக வாங்கக்கூடாது என்பவர். அதனால் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் முட்டையை உடைத்து, ஓடுகளைக் கன்றுக்குட்டிக்குப் பின்னால் புதைத்து, தடயமே இல்லாமல் பண்ணிவிடுவேன். லஞ்சத்தைத் தின்று தீர்க்கிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தல், முட்டை நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு பக்கம். பால்காரம்மா வேறு ஒரு ஆழாக்கு கூட ஊற்றிவிட்டு, ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்று கையைப் பிடித்துத் தட்டிக்கொடுப்பார். வந்த புதிதில் ‘வாங்க, போங்க’ என்றவர் ஒரே மாதத்தில் ‘வா, போ’வுக்கு வந்துவிட்டார். ஆகா, சொந்தப் பெண்ணாக நினைக்கிறார்கள் என்று நான் உருகிப்போனேன். எட்டாவது கடிதத்தில் அதைத்தான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் அந்தப் பால்காரம்மா பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கடலை உடைக்கிற கொட்டகையில ஆள் கேக்குறாங்கம்மா. உக்காந்து செய்யிற வேலைதான். நீ படிச்ச பொண்ணு, வெக்கப்படாத. பிள்ளை வயித்துக்கு முன்னாடி வெக்கம் என்ன வெக்கம்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு என்று கேட்டேன். அந்த அம்மா கண்ணில் நீர் வைத்துக்கொண்டு, எல்லாம் பொடிசு சொல்லிவிட்டது, நீ ஒன்றும் மறைக்க வேண்டாம் என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டதில், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதே இல்லை, அம்மா கிண்ணத்தைக் காட்டுவாள், உள்ளே ஒன்றும் இருக்காது, அப்பா மாட்டுக்கு மட்டும்தான் மருந்தும் தீவனமும் கொடுப்பார் என்று நாலு வயதுப் பெண் தெருவெல்லாம் ஒப்பித்திருக்கிறாள். அப்போதுதான் அக்கா எனக்கு அந்த முட்டை, அந்தக் கீரை, அந்த ஒரு ஆழாக்கு, அந்த ‘வா, போ’ எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றது. அது நன்றிக்கடன் இல்லை. நாலு மாதமாக இந்த ஊர் எங்களைப் பட்டினி வீடு என்று நினைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நான் வெங்காயம் போட்டு வதக்கித் தின்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஏழு மணிக்குப் பொடிசு வழக்கம்போலத் தன் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் பெண்ணோடு சமையல் விளையாட்டு விளையாடப் போகிறேன் என்று கிளம்பினாள். தினமும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவாள், நானும் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு இவருடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாடியே போனேன். மழை இல்லை. பொடிசு எதிர்வீட்டு வாசலில் நின்று ஒரு கூப்பாடு போட்டாள். அந்தப் பெண் ஒரு தட்டோடு ஓடி வந்தது. அஞ்சு வயது, மெலிசாக, பேசவே பேசாது, நாம் இங்கே ஊமை என்று கூப்பிட வேண்டாம், ‘அமைதி’ என்று வைத்துக்கொள். இரண்டும் கைகோத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போயின. அங்கே பார்த்தால் தட்டும் கையுமாக இருபது பிள்ளைகளுக்கு மேல்.

இந்த ஏற்பாட்டை, பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டபடி, நான் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாலு மாதம் இதற்குள்ளேயே குடியிருந்தும் எனக்குத் தெரியாமல் இருந்தது. இங்கே பாதி வீடுகளில் ஆணும் பெண்ணும் விடிவதற்கு முன்னாலேயே தோட்ட வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் மதியம் சோறு உண்டு. அதுவரைக்கும் பிள்ளைகள் வயிறு காலி. இரண்டு வருடத்துக்கு முன் காலை வரிசையில் ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்த பிறகு, வீட்டிலேயே தொழில் பார்க்கிற ஆறு வீட்டுப் பெண்கள் குழாயடியில் நின்று பேசி முடிவு பண்ணியிருக்கிறார்கள். ஒருத்தர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் ஒரு மாதம் கூட ஓடாது, அதனால் ஆளுக்கு ஒரு பண்டம். முதல் வீட்டில் கஞ்சி, அடுத்த வீட்டில் பயறு, அப்புறம் முட்டைக்காரம்மா வீட்டில் ஆளுக்கு அரை முட்டை, அப்புறம் கிழங்கு, கீரை, கடைசியில் பால்காரம்மாவின் மோர். பானை தயார் என்றால் அதன் மூடியை மதில்மேல் குப்புற வைத்துவிடுவார்கள். தெருக்கோடியில் காலித் தட்டோடு கிளம்புகிற பிள்ளை மறுகோடிக்குப் போய்ச் சேரும்போது முழுச் சாப்பாடு சாப்பிட்டு முடித்திருக்கும். இதற்கு மூன்றே சட்டம். வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடாது. யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. பேரை எழுதக்கூடாது.

அன்றைக்கு நான் பிள்ளைகள் வாசல் வாசலாகப் போவதை மதில் சுவருக்குப் பின்னால் மழைக்கோட்டோடு குந்தியிருந்து பார்த்தேன். அக்கா, நம்ம பொடிசு கீரை சாப்பிட்டாள். முட்டையில் வெள்ளை மட்டுமில்லை, மஞ்சளையும் சாப்பிட்டாள். கஞ்சி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். கிழங்குத் தோலை உரித்து அந்த அமைதிக்கு ஒரு துண்டு ஊட்டிவிட்டு, மீதியைத் தான் தின்றாள். எனக்கு ஆத்திரப்படுவதா, காலில் விழுந்து கும்பிடுவதா என்று தெரியவில்லை, கோட்டுக்குள் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். ஒரு ஆடு வந்து கோட்டின் பின்பக்கத்தைத் தின்ன ஆரம்பித்தபோதுதான் எழுந்தேன். நான் எழுந்ததைப் பார்த்து இருபது பிள்ளைகளும் சிரித்தன. பொடிசு மட்டும் என்னைத் தெரியாத மாதிரி மோர் குடித்தாள்.

இதோடு நான் சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே இல்லை. ஆனால் படித்தவள் இல்லையா. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, பசிக்கிற பிள்ளைகளின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிறாயா என்று பொடிசைத் திட்டித் தட்டைப் பரண்மேல் போட்டேன். இரண்டாவது காரியமாக ஒரு நீள நோட்டு எடுத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். பிள்ளை, வயது, காலையில் வீட்டில் என்ன சாப்பிட்டது, ஆம், இல்லை. நாலு மாதம் தின்ற முட்டைக்கு என்னால் ஆன பரிகாரம், ஊர் ஏற்பாட்டை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருவது என்று நினைத்தேன். யாருக்கு உண்மையில் தேவையோ அவர்களுக்கு முழு முட்டை போகும், என் பெண் மாதிரித் திருட்டுத் தட்டுகள் நின்றுவிடும். நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி, காலையில் உங்கள் பெண் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். மெஷினை நிறுத்தினார். “சாப்பிட்டா” என்றார். திரும்ப ஓட்டினார். நான் ‘ஆம்’ என்று எழுதி ஒரு சரி போட்டேன். ரொம்ப அழகான சரி.

மறுநாள் தட்டு இருபத்துமூன்றிலிருந்து பதினொன்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவரிடம், ஒரே நாளில் தேவையைப் பாதியாக்கிவிட்டேன் என்று சொன்னேன். இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, மாடு தீவனத்தைத் தொடாமல் விட்டால் அதற்கு வயிறு நிறைந்ததென்று நான் எழுதிக்கொள்வதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆறு தட்டு. நாலாம் நாள் சாயங்காலம் முட்டைக்காரம்மா வந்தார். ஆறு வீட்டுக்கும் அவர்தான் பேச்சு. அம்பது வயது இருக்கும், கோபம் வந்தால் குரல் இறங்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நோட்டை எடுத்துக் காட்டினேன், பார்க்கவில்லை.

“டாக்டரம்மா, உங்க வீட்டுக் குப்பையில மிச்ச ரொட்டி கிடக்குறதும் தயிர் கிடக்குறதும் எனக்குத் தெரியாதா? மொதல் வாரமே தெரியும். உங்க பொண்ணு பசிக்கு வரலை, கூட்டத்துக்கு வருது. வரட்டும்னு நான்தான் விட்டேன்.”

அப்படியென்றால் அந்த அஞ்சு முட்டை என்று இழுத்தேன். அது பால்காரி வாங்கி வைத்தது, அவளுக்கு யாராவது மூக்கைச் சிந்தினாலே போதும், பிள்ளை சொல்வது பொய் என்று அவளிடம் சொன்னால், அப்படியானால் நிஜமாகப் பசிக்கிற வீடு எது என்று கேட்பாள், அந்தப் பேச்சே இந்தத் தெருவில் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றார். அப்புறம் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைக் காட்டினார்.

“அவ புருஷன் வேலை தேடிப் போயி ஒன்றரை வருஷம், ஒரு தகவல் கிடையாது. ராப்பகலா மெஷின் ஓட்டுறா. செத்தாலும் கை நீட்ட மாட்டா. நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்தோம், என் பொண்ணு என்ன பிச்சை எடுக்கணுமான்னு கதவைச் சாத்திட்டா. உங்க பொண்ணு வந்து வாசல்ல நின்னு கத்துச்சு பாருங்க, அன்னைக்குத்தான் அந்தப் பிள்ளை கையில தட்டு வந்துச்சு. டாக்டர் வீட்டுப் பிள்ளையே போகுதுன்னா அது பிச்சை இல்ல, விளையாட்டு. நீங்க நோட்டைத் தூக்கிட்டு வந்து விளையாட்டைக் கணக்காக்கிட்டீங்க.”

இப்போது அந்தக் குழந்தை காலையில் என்ன சாப்பிடுகிறது என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வியைத் திரும்பவும் நீங்களே கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க எதிர்வீட்டு மெஷின் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்பதுதான். நாலு மாதமாக, தூக்கத்தைக் கெடுக்கிறாளே என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். காலையில் நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பரண்மேல் ஏறித் தட்டை எடுத்துத் துலக்கிப் பொடிசு கையில் கொடுத்துப் போகச் சொன்னேன். அவள் எதிர்வீட்டு வாசலில் போய்க் கூப்பாடு போட்டாள். கதவு திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானே போனேன்.

சும்மா போய் நிற்க முடியுமா? ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போனேன், கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, பிரித்துத் தைத்துத் தர வேண்டும் என்று. பொய்யில்லை, இறுக்கமாகத்தான் இருந்தது. வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி அளந்தார். அமைதி மூலையில் உட்கார்ந்து துண்டுத்துணிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கவில்லை. “நாலு மாசத்துல ரெண்டு அங்குலம் கூடியிருக்கீங்க. நல்லா சாப்பிடுறீங்க போல” என்றார் தையல்காரம்மா, ஊசிகளுக்கு நடுவிலிருந்து. அந்த இரண்டு அங்குலமும் யாருடைய முட்டை என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் கேட்டேவிட்டேன். “பொடிசு தனியாப் போக மாட்டேங்குது. உங்க பொண்ணு துணைக்கு வந்தா எனக்குப் பெரிய உபகாரம்.”

அவர் நாடாவைச் சுருட்டினார். “உங்க நோட்டுல எங்க வீட்டுக்கு என்ன எழுதியிருந்தீங்க?”

“சாப்பிட்டான்னு.”

“அப்புறம் எதுக்கு அவ போகணும்?”

நான் என்ன செய்தேன் தெரியுமா, வாய்க்கு வந்த உண்மையைச் சொல்லிவிட்டேன். “எங்க வீட்டுக்கும் அதேதான் எழுதியிருந்தேன். அதுவும் பொய்தான். என் பொண்ணு என் கையால ஒரு வாய் வாங்குறதில்ல. பெத்தவ நான், கிண்ணத்தோட கட்டிலுக்கு அடியில கிடக்கேன். அது தெருவுல போயி ஆறு வீட்டுல சாப்பிடுது. எங்க அக்கா வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருக்கா. இதை நான் இந்த ஊர்ல யார்கிட்டயும் சொன்னதில்ல, நோட்டுல எழுதுவேனா?”

தையல்காரம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டார். எண்ணிக்கொண்டிருக்கிறாரா, யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. அப்புறம் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை, முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது, நூலைக் கடித்துக் கடித்துத் தேய்ந்திருக்கும். “கட்டிலுக்கு அடியிலயா?” என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம், ஒரு நாள் இவர் வந்து காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று என்றேன். மூலையிலிருந்து அமைதியும் சிரித்தது. அதற்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் அக்கா.

“என் வாசல் சும்மா வாங்கித் திங்கிற வாசலா இருக்கக்கூடாது” என்றார் தையல்காரம்மா. “என்கிட்ட போட ஒண்ணும் இல்ல. துண்டுத்துணி இருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் கை துடைக்க ஆளுக்கு ஒண்ணு தைச்சு வைக்கிறேன். கடைசியில என் வாசல்ல வந்து கை கழுவித் துடைச்சிட்டுப் போகட்டும். என் பானை மூடியும் மதில்ல இருக்கும். இன்னொண்ணு. உங்க பொண்ணு வர்ற வரைக்கும்தான் என் பொண்ணு வரும். டாக்டர் வீட்டுத் தட்டு நின்னுச்சுன்னா எங்க தட்டும் நின்னுடும். அப்புறம் நீங்க சட்டை எடுத்துட்டு வரக் கூடாது.”

ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாமல் வேறென்ன?

பதினைந்து நாளாக நடக்கிறது. ஆறு தட்டு மறுபடி பதினாலாகி, பத்தொன்பதாகி, இப்போது இருபத்துநாலு. நோட்டில் எழுதவில்லை, ஜன்னலில் நின்று எண்ணினேன், அது தப்பில்லை என்று நினைக்கிறேன். தையல்காரம்மா வீட்டு வாசலில் கயிறு கட்டி இருபத்துநாலு துண்டு தொங்குகிறது, ஒன்றுபோல் ஒன்றில்லை, எந்தப் பிள்ளைக்கு எந்தத் துணி என்று பிள்ளைகளுக்கே தெரியும். என்னையும் ஒரு வாசலாகச் சேர்த்துக்கொண்டார்கள், முட்டைக்காரம்மா நேரில் வந்து மூடி ஒன்று கொடுத்தார். எனக்குக் கொடுத்த பண்டம் அவித்த கடலை. முதல் நாள் உப்பு அதிகம், ஒரு பையன் மட்டும் நன்றாக இருக்கிறது என்றான், அவனுக்கு மூக்கடைப்பு என்று அப்புறம் தெரிந்தது. இரண்டாம் நாள் சரியாக வந்தது. கூட்டத்தில் பொடிசும் வந்தாள். தன் வீட்டு வாசலில், தன் அம்மாவின் முன்னால், மூன்றாம் மனுஷி மாதிரித் தட்டை நீட்டி நின்றாள். ஒரு கரண்டி போட்டேன். அங்கேயே நின்று கடைசிக் கடலை வரைக்கும் தின்றாள். “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றாள், ‘ங்க’ போட்டு. வீட்டுக்குள்ளே கொடுத்தால் துப்புகிற அதே கடலை. என் கையிலிருந்த கரண்டி பானையில் விழுந்துவிட்டது. பால்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லி அஞ்சு முட்டைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுவிட்டு, பாவம், இன்னும் வெட்கப்படுகிறாள் என்று சொல்லி மறுநாள் ஆறாக வைத்துவிட்டுப் போனார். இப்போது அது அப்படியே முட்டைக்காரம்மா பானைக்குப் போகிறது.

ஆகையால் அக்கா, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. பொடிசு நன்றாகச் சாப்பிடுகிறாள், கன்னம் வந்திருக்கிறது, வரைபடத்தைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன், எனக்கு இப்போது ஒரு கவலையும் கிடையாது. அதோடு, நீ அவளைக் கூட்டிக்கொண்டு போனால் எதிர்வீட்டுக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும், அந்தக் குழந்தை காலையில் வெறும் வயிற்றோடு துண்டுத்துணி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம்ம வீட்டுப் பிள்ளையின் வாயை நம்பி இன்னொரு பிள்ளையின் வயிறு இருக்கிறது. நாலு வயதில் அவளுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள், லீவு கிடையாது.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்கால் வலிக்கு இவர் ஏதோ தைலம் சொல்கிறார், மாட்டுக்குக் கொடுப்பதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு அனுப்புகிறேன். உன் பிள்ளை உருண்டைக்கு என் முத்தங்கள், எல்லா நலனும் பெற்று இதேபோல் உருண்டையாகவே இருக்கட்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, என்னைப் பார்த்துக் கெட்டுப்போகாதே.

என்றும் உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டப்போகும்போது பொடிசு எழுந்து வந்தாள். தண்ணீர் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அம்மா, நாளையிலேருந்து நான் வீட்டுலயே சாப்பிடுறேன். நீயே ஊட்டிவிடு. தெருவுல தினம் அதே வீடுதான், அலுத்துப்போச்சு” என்றாள். சொல்லிவிட்டு அப்படியே தூங்கிவிட்டாள். இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை கோயில் வாசலில் நின்றிருப்பேன். இப்போது அதைக் கேட்டுவிட்டு, ஒட்டப்போன கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் எட்டு மூடி மதில்மேல் இருக்கும், அமைதி தட்டோடு வாசலில் நின்று இவள் வருகிறாளா என்று பார்க்கும். இரண்டு நாளைக்குக் கன்றுக்குட்டிக்கும் தட்டு கொடுத்துக் கூட அனுப்புகிறேன் என்று ஆசைகாட்டிச் சமாளித்துவிடுவேன், அதற்கு மேல் என்னால் ஆகாது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. பொடிசைக் கூட்டிப்போக இல்லை, உருண்டையைக் கொண்டுவந்து விட. அவனுக்குப் பள்ளிக்கூட விடுமுறைதானே, ஒரு மாதம் இங்கே இருக்கட்டும், அவன் தட்டை நீட்டிச் சாப்பிடுகிற அழகைப் பார்த்தால் இவளுக்குப் போட்டி வந்துவிடும். அவனுக்கு எங்கேயும் எதுவும் அலுக்காது, சுத்தமான பிள்ளை. டாக்டர் வீட்டுத் தட்டு என்றுதானே தையல்காரம்மா சொன்னார், அவனும் டாக்டர் வீட்டில் இருந்துதான் புறப்படுவான். சாயங்கால பஸ்ஸில் அதே டிரைவர்தான் திரும்பி வருகிறார், சம்மதமா இல்லையா என்று இரண்டு வரி எழுதி அவர் கையில் கொடுத்துவிடு. சீக்கிரம் பதில் போடு அக்கா.